இருவர் மட்டும் உள்ள வீட்டில் முதல் முழுநாள் சமையல்: கேஸ் இணைப்பு முதல் இரவு தோசை வரை

தனிக்குடித்தனம் வந்த புதிதில் "இந்த ஞாயிறு முழுக்க நாமே சமைப்போம்" என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். காலை இட்லி, மதியம் கோழிக் குழம்பு, ரசம், பொரியலோடு சாப்பாடு, மாலை கேசரி, இரவு தோசை. பட்டியலைப் பார்த்தால் எல்லா வீட்டிலும் நடக்கிற சமையல்தான். இதில் முக்கால்வாசி சொதப்பல் நேரக் கணக்கில் வரும். ஊற வேண்டியது ஊறியிருக்காது, புளிக்க வேண்டியது புளித்திருக்காது, ஒரே பர்னருக்கு மூன்று பாத்திரம் காத்திருக்கும். மிச்சம் கால்வாசி உப்பும் தண்ணீரும்.

கீழே உள்ள நேரங்கள் எல்லாம் சென்னை வெயிலையும் இரண்டு பர்னர் அடுப்பையும் மனதில் வைத்துச் சொன்னவை. கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூரில் இருப்பவர்கள் மாவு புளிக்கவும் தயிர் உறையவும் இரண்டு, மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் இன்னும் கொஞ்சம் கூட ஆகும்.

1. முதலில் அடுப்பு: கேஸ் இணைப்புக்கான காகிதங்கள்

புது இணைப்புக்கு ஏஜென்சியில் கேட்பவை: கே.ஒய்.சி. படிவம், ஆதார், இப்போது இருக்கும் வீட்டின் முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ, மானியத்துக்கான வங்கிக் கணக்கு விவரம், இந்த வீட்டில் வேறு வீட்டு உபயோக இணைப்பு இல்லை என்ற உறுதிமொழி. வாடகை வீடென்றால் வாடகை ஒப்பந்தம்தான் முகவரிச் சான்று. ஒப்பந்தத்தில் உள்ள கதவு எண்ணும் படிவத்தில் எழுதுகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய எண், புது எண் குழப்பத்தில் படிவம் திரும்பி வருவது சென்னையில் சகஜம். இரண்டு எண்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இருவரில் ஒருவர் பெயரில் வேறு ஊரில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் புது இணைப்பு கேட்காதீர்கள், ஆதாரில் தட்டிவிடும். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றல் வவுச்சர் வாங்கி வந்தால் புது ஊரில் அதே இணைப்பு தொடரும். ஒப்படைக்கும்போது பழைய சந்தா வவுச்சரைக் கேட்பார்கள். ஏஜென்சிக்காரர்கள் "எஸ்.வி. பேப்பர்" என்று சொல்வது அதைத்தான்.

செலவுக் கணக்கு: 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். இவை 2022 ஜூனில் வந்த கட்டணம். இதற்கு மேல் ரப்பர் குழாய், புத்தகம், முதல் சிலிண்டரின் விலை. 2025 ஏப்ரலில் ஏறியபோது சென்னையில் ஒரு சிலிண்டர் 868.50 ரூபாய். விலை மாறிக்கொண்டே இருக்கும், அன்றைய விலையைக் கேட்டுவிட்டுப் பணம் எடுங்கள். "எங்களிடமே அடுப்பு வாங்கினால்தான் இணைப்பு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், அப்படிக் கட்டாயம் கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பு போதும். படிவம் கொடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் கணக்கில் வையுங்கள்.

சிலிண்டர் வந்ததும் மூன்றைப் பாருங்கள். சீல் பிரியாமல் இருக்கிறதா? எடை சரியா? சிலிண்டர் மேலேயே காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் தராசில் அந்த எண் வர வேண்டும். மூன்றாவது, கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் 'ஏ', 'பி', 'சி', 'டி' என்ற எழுத்தோடு ஒரு வருடம் இருக்கும். 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, 'பி' அடுத்த மூன்று மாதம், அப்படியே. அந்தத் தேதி தாண்டியிருந்தால் சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். பில்லில் உள்ள தொகையிலேயே வாசல் வரை கொண்டுவந்து தருகிற கூலியும் அடக்கம். கசிவு வாடை வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இணைப்பு வரும்வரை இன்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமாளிப்பவர்கள் பிளக் பாயின்ட்டைக் கவனியுங்கள். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகினால் சுவிட்ச் உருகும், 16 ஆம்பியர் பெரிய பாயின்ட் வேண்டும். அலுமினிய இட்லிப் பானை இன்டக்‌ஷனில் சூடாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ரேஷன் அட்டைக்கும் இப்போதே எழுதிப்போடுவது நல்லது. இருவர் பெயரையும் பெற்றோர் அட்டைகளிலிருந்து நீக்கிய பிறகுதான் புது அட்டை கிடைக்கும். விண்ணப்பத்தில் கேஸ் இணைப்பு விவரமும் கேட்பார்கள், ஆகவே கேஸ் முதலில், அட்டை பிறகு. அரிசி அட்டைக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. மளிகைச் செலவில் அது சின்ன விஷயம் இல்லை.

2. சாமான்கள்: எது உடனே, எது பிறகு

உடனே வேண்டியவை: 3 லிட்டர் குக்கர், ஒன்றரை லிட்டர் கனமான வாணலி, இட்லிப் பானை, மிக்சி, நல்ல கத்தி இரண்டு, வெட்டுப்பலகை இரண்டு. ஒரு பலகை கறிக்கு மட்டும். இருவருக்கு 5 லிட்டர் குக்கர் வாங்க வேண்டாம். கொஞ்சப் பருப்பு அதன் அடியில் பரந்து பிடித்துக்கொள்ளும்.

இரும்பு தோசைக்கல் வாங்கினால் குறைந்தது ஒரு வாரம் முன்பே வாங்கிப் பழக்க வேண்டும். கழுவி, அரிசி கழுவிய தண்ணீரிலோ கஞ்சியிலோ இரண்டு நாள் ஊறவிட்டு, தேய்த்துத் துடைத்து, நல்லெண்ணெய் தடவிப் புகை வரும்வரை காய்ச்சி, வெங்காயத்தால் தேய்க்க வேண்டும். இதை மூன்று, நான்கு நாள் திரும்பத் திரும்பச் செய்தால்தான் தோசை எழும்பும். முந்தின நாள் வாங்கிய கல்லில் ஞாயிறு இரவு தோசை வராது. கல் பழகும்வரை நான்ஸ்டிக் ஒன்று கையில் இருக்கட்டும்.

கிரைண்டரில் ஒரு பொறி உண்டு. 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரில் 100 கிராம் உளுந்தைப் போட்டால் மாவு சுவரில் ஒட்டிக்கொண்டு கல்லுக்கு அடியில் சிக்காது. உளுந்து பொங்காது, இட்லி கல்லாகும். "ரெண்டு பேர்தானே" என்று அளவைக் குறைப்பதால் வருகிற கோளாறு இது. 200 கிராம் உளுந்துக்குக் கீழே போகாதீர்கள், மிச்ச மாவு வாரம் முழுக்க உதவும்.

3. அளவை முடிவு செய்யுங்கள்

ஆளுக்கொரு வீட்டுக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சமைக்கும்போது முதலில் மோதுவது கப் அளவுதான். கடையில் வாங்கும் அளவுக் கப் 240 மி.லி., ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி., அம்மா சொல்லும் ஆழாக்கு சுமார் 168 மி.லி. "ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி" என்பது எந்தக் கப்பிலும் சரிதான், அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே கப்பாக இருக்கும்வரை. இங்கே கப் என்றால் 240 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. ஊருக்குப் போன் போட்டுக் கேட்டால் "கண் அளவுதான்" என்பார்கள். "எத்தனை பேருக்கு எத்தனை கரண்டி?" என்று கேட்டால் எண்ணாகச் சொல்வார்கள்.

உப்பு: குறிப்பில் சொல்வதெல்லாம் தூள் உப்பு, இட்லி மாவுக்கு மட்டும் கல் உப்பு. கல் உப்பு டீஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்கும், அதனால் அதே ஒரு டீஸ்பூனில் உப்பு குறைவாகத்தான் இருக்கும். சமையலறையில் எந்த உப்பு என்பதை ஒருமுறை முடிவு செய்துவிடுங்கள். அதைவிட முக்கியம், உப்புப் போடுகிறவர் ஒருவர்தான். ஒருவர் குழம்பில் உப்புப் போட்டுவிட்டு வெங்காயம் எடுக்கத் திரும்புவார், மற்றவர் "உப்புப் போடலையே" என்று இன்னொரு முறை போடுவார். இருவர் சேர்ந்து சமைக்கிற வீட்டில் அதிகம் நடக்கிற விபத்து இதுதான்.

மிளகாய்த்தூளிலும் இதே குழப்பம். மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் சேர்த்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் வேறு, தனி மிளகாய்த்தூள் வேறு. மாமியார் வீட்டிலிருந்து டப்பாவில் வந்த சிவப்புத் தூள் எது என்று கேட்டு, டப்பா மேல் எழுதி ஒட்டுங்கள்.

4. சனிக்கிழமை: ஊறல், ஆட்டல், உறை

மதியம் 1 மணி: இட்லி அரிசி 4 கப், சுமார் 800 கிராம். வெந்தயம் 1 டீஸ்பூன். நன்றாகக் களைந்து ஊறப்போடுங்கள்.

பிற்பகல் 4 மணி: தோல் நீக்கிய முழு உளுந்து 1 கப், 200 கிராம். இது ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். அரிசியோடு சேர்த்து மதியமே ஊறப்போட்டால் உளுந்து கொழகொழத்துப் பொங்குதல் குறையும். வெயில் காலத்தில் ஊறும் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஆட்டுவதற்கும் அந்தக் குளிர்ந்த தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம்.

மாலை 5.30: முதலில் உளுந்து. அரை கப் தண்ணீரோடு ஆரம்பித்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கை தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஆட்டுங்கள். மொத்தத் தண்ணீர் 2 கப்புக்குள் நிற்க வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் எடுத்துவிடலாம். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அடுத்து அரிசி, இரண்டு முதல் இரண்டரை கப் தண்ணீரில் 20 நிமிடம். விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருட வேண்டும். முழுக்க வழுவழுப்பாக்கினால் இட்லி பிசின்போல ஒட்டும்.

மிக்சியில் அரைப்பவர்கள் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தை விட்டுவிட்டு மூன்றுக்கு ஒன்று என்று போங்கள். மிக்சி உளுந்தைக் கிரைண்டர் அளவுக்குப் பொங்கவைக்காது. ஐஸ் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். ஜார் சூடானால் மாவும் சூடாகி, புளிக்காமலோ கண்டபடி புளித்தோ கெடும்.

இரண்டு மாவும் சேர்ந்ததும் 2 மேசைக்கரண்டி கல் உப்புப் போட்டுக் கையால் இரண்டு நிமிடம் அடித்துக் கலக்குங்கள். கரண்டி வேண்டாம். மொத்த மாவு ஏறக்குறைய 2.4 கிலோ வரும். இரண்டு 3 லிட்டர் பாத்திரங்களில் பாதி அளவுக்கு ஊற்றுங்கள். ஒன்று மேடையில் புளிக்கட்டும், இன்னொன்று புளிக்காமலே நேராக ஃபிரிட்ஜுக்கு. முக்கால் பாத்திரம் ஊற்றினால் காலையில் மேடை கழுவும் வேலை சேரும். அடியில் ஒரு தட்டு வைத்தால் நல்லது.

7 மணிக்கு மூடி வைத்த மாவு ஏப்ரல், மே மாதங்களில் நள்ளிரவுக்குள்ளேயே பொங்கிவிடும். படுக்கப் போகுமுன் பாருங்கள். மேலேறியிருந்தால் கலக்காமல் அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள். டிசம்பரில் காலையிலும் எழும்பாமல் கிடந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை ஒரு மணி நேரம் இறக்கி வையுங்கள்.

இரவு 10 மணி, தயிர்: அரை லிட்டர் பாலை நன்றாகப் பொங்கவிட்டு மேலும் ஐந்து நிமிடம் சிறு தீயில் காய்ச்சுங்கள். விரல் வைத்தால் பத்து எண்ணும்வரை பொறுக்கிற சூடு வந்ததும் ஒரு டீஸ்பூன் தயிர் கலந்து மூடுங்கள், பிறகு அசைக்கக் கூடாது. சூடு அதிகமாக இருக்கும்போது உறை ஊற்றினால் தயிர் திரிந்து தண்ணீர் பிரியும். உறைத் தயிர் பழசாக இருந்தால் நூல்நூலாக இழுக்கும். காலை 5, 6 மணிக்கு உறைந்திருக்கும், எழுந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

5. ஞாயிறு காலை 7 மணி: இட்லி

மாவு இரண்டு மடங்கு ஆகி, மேலே குமிழி விட்டு, லேசான புளிப்பு வாடை வந்தால் சரி. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் திட்டு எதுவும் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், அதை எதுவும் செய்து காப்பாற்ற முடியாது.

இட்லிக்கு வேண்டியதை மேலிருந்து அள்ளிக்கொள்ளுங்கள், அடிவரை கலக்க வேண்டாம். பானையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். 10 முதல் 12 நிமிடம். ஈரக் கையால் தொட்டு ஒட்டாவிட்டால் வெந்தது. இறக்கி மூன்று நிமிடம் ஆறவிட்டு எடுங்கள், சூட்டோடு எடுத்தால் பாதி இட்லி தட்டிலேயே இருக்கும்.

தட்டையாக வந்தால் மாவில் தண்ணீர் அதிகம். அந்த மாவை இரவு தோசைக்கு ஒதுக்கிவிட்டுக் காலைக்கு ஊத்தப்பம் போடுங்கள். கெட்டியாக வந்தால் உளுந்து பழசு அல்லது சரியாகப் பொங்கவில்லை. அந்த இட்லியை உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து இட்லி உப்புமா ஆக்கலாம். மேலே ஈரமாக, நடுவில் குழியாக இருந்தால் மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டியிருக்கிறது, மூடிக்கு உள்ளே ஒரு துணி கட்டுங்கள்.

ஒருவர் இட்லி ஊற்றும்போது மற்றவர் சட்னி. அரை மூடித் தேங்காய், பொட்டுக்கடலை 2 மேசைக்கரண்டி, பச்சைமிளகாய் 2, உப்பு அரை டீஸ்பூன். தேங்காயை நீளநேரம் அரைத்தால் எண்ணெய் பிரிந்து கசக்கும். விட்டுவிட்டு 30 விநாடி போதும்.

6. காலை 8.30: கறிக்கடை

ஞாயிறு ஒன்பதரைக்கு மேல் போனால் வரிசையிலேயே அரை மணி நேரம் போகும், பின்னால் உள்ள எல்லாம் தள்ளிப்போகும். அரை கிலோ, தோல் உரித்து, "குழம்புக்கு வெட்டுங்க" என்று கேளுங்கள். நாட்டுக்கோழியும் பிராய்லரும் ஒரே குறிப்பில் வேகாது. இங்கே சொல்வது பிராய்லருக்கு. நாட்டுக்கோழியென்றால் குக்கரில் ஐந்து, ஆறு விசில் தனியாகக் கணக்கு வையுங்கள்.

குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கறி கழுவினால் தண்ணீர் தெறித்து மேடை முழுக்கக் கிருமி பரவும். ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அலசி, கொட்டி, சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி தயிர் பிசறி ஃபிரிட்ஜில் வையுங்கள். முன்னாலேயே உப்புப் பிடிக்காத கறி குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் உள்ளே சப்பென்று இருக்கும்.

7. பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை: இரண்டு பர்னர், நான்கு பாத்திரம்

நாளின் கடினமான பகுதி இதுதான். ஒருவர் அடுப்பு, ஒருவர் பலகை. நடுவில் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

10.00: துவரம்பருப்பு 3 மேசைக்கரண்டி ஊறட்டும். சின்ன வெங்காயம் 150 கிராம் பத்து நிமிடம் தண்ணீரில் கிடந்தால் தோல் எளிதில் உரியும். பீன்ஸ் 200 கிராம் நறுக்கப் புதியவருக்கு இருபது நிமிடம் ஆகும், குறைத்து மதிப்பிடாதீர்கள்.

10.20, முதல் பர்னர்: பருப்பு, ஒரு கப் தண்ணீர், மஞ்சள், ஒரு சொட்டு எண்ணெய், நாலைந்து விசில். எண்ணெய் நுரையை அடக்கும், விசில் வழியாகத் தண்ணீர் பீறிடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். பருப்பு வேகாமல் விதைவிதையாக நின்றால் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் காரணம். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இளக விடாது. கேன் தண்ணீரில் வேகவையுங்கள். புளியும் தக்காளியும் பருப்போடு சேர்த்துப் போட்டாலும் இதே கதி, புளிப்பும் வேகவிடாது. பக்கவாட்டில் ஆவி கசிந்து விசில் வராவிட்டால் கேஸ்கெட் தளர்ந்திருக்கும். பத்து நிமிடம் ஃபிரீசரில் வைத்துப் போட்டால் அன்றைக்கு ஓடும், மறுநாள் புதுசு வாங்கிவிடுங்கள்.

10.30, இரண்டாம் பர்னர், கோழிக் குழம்பு: எண்ணெய் 3 மேசைக்கரண்டி, சோம்பு அரை டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமாகும்வரை எட்டு நிமிடம். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, பச்சை வாடை போகட்டும். தக்காளி பெரியது ஒன்று, குழையட்டும். தீயைக் குறைத்துவிட்டு மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி. கையில் இருப்பது குழம்பு மிளகாய்த்தூள் என்றால் இரண்டும் வேண்டாம், அதில் மட்டும் இரண்டரை டீஸ்பூன். தூள் போட்ட உடனே கால் கப் தண்ணீர் தெளியுங்கள், வெறும் எண்ணெயில் தூள் அரை நிமிடத்தில் கருகும். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், சர்க்கரை போட்டும் மறையாது. மசாலாவை மட்டும் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பதே மேல், கறி இன்னும் பத்திரமாக இருக்கிறதே.

ஓரத்தில் எண்ணெய் பிரிந்ததும் கறியைப் போட்டு ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றாமல் பிரட்டுங்கள், கறியே தண்ணீர் விடும். அதைப் பார்த்த பிறகு ஒன்றரை கப் தண்ணீர், முக்கால் டீஸ்பூன் உப்பு, மூடி, 20 நிமிடம். புதியவர்கள் முதலிலேயே தண்ணீரை ஊற்றிக் குழம்பை ரசமாக்கிவிடுவார்கள். கடைசியில் தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி, முந்திரி 4, சோம்பு கால் டீஸ்பூன் அரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் மட்டும் சிறு தீயில். தேங்காய் விழுது அதிகம் கொதித்தால் திரிதிரியாகப் பிரியும்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடுகிற வித்தையை நம்பாதீர்கள், அது தன் பங்குத் தண்ணீரை மட்டும்தான் உறிஞ்சும். வெந்நீர் ஊற்றி, இன்னும் கொஞ்சம் தேங்காய் அரைத்துவிட்டு அளவைக் கூட்டுங்கள். மிச்சம்தான் இரவு தோசைக்கு ஆகுமே.

11.15: சாப்பாட்டு அரிசி முக்கால் கப், இருவருக்கு வயிறு நிறையும். பொன்னி புழுங்கல் என்றால் ஒன்றுக்கு மூன்று தண்ணீர், 20 நிமிடம் ஊறல், நான்கு விசில். பச்சரிசி என்றால் ஒன்றுக்கு இரண்டரை, மூன்று விசில். பருப்பை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டு அதே குக்கரில் 11.35க்கு ஏற்றலாம். பிரஷர் தானாக இறங்கப் பத்து நிமிடம் விடுங்கள். நடுவில் விதை தட்டினால் கால் கப் வெந்நீர் தெளித்து மூடிச் சிறு தீயில் ஐந்து நிமிடம். குழைந்துபோனால் தயிர் சாதத்துக்கு அதைவிட நல்ல சாதம் கிடையாது.

11.30, இரண்டாம் பர்னர்: பீன்ஸ் பொரியல். தாளித்து, காய், உப்பு அரை டீஸ்பூன், கால் கப் தண்ணீர், எட்டிலிருந்து பத்து நிமிடம். முழு நேரமும் மூடி வைத்தால் பச்சை நிறம் பழுப்பாகும், பாதி நேரம் திறந்து வையுங்கள். கடைசியில் தேங்காய் 2 மேசைக்கரண்டி.

12.00, ரசம்: நெல்லிக்காய் அளவு புளியை ஒன்றரை கப் வெந்நீரில் முன்பே ஊறவைத்திருக்க வேண்டும். அதில் தக்காளி ஒன்று, மஞ்சள், பெருங்காயம், உப்பு ஒரு டீஸ்பூன் சேர்த்து ஏழெட்டு நிமிடம் கொதிக்கட்டும். மசித்த பருப்பும் ஒரு கப் தண்ணீரும் ஊற்றி, மிளகு, சீரகம் தலா ஒரு டீஸ்பூன், பூண்டு 4 பல் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். இனிமேல் கொதிக்கக் கூடாது. மேலே நுரை கட்டியதும் அணைத்துவிடுங்கள். அப்போது அடுப்பை விட்டு நகர்ந்தவர்கள்தான் மணம் போன ரசம் சாப்பிடுவார்கள். இருவர் வீட்டு ரசமும் ஒன்றாக இருக்காது, இந்த ஞாயிறு ஒரு வீட்டு முறை, அடுத்த ஞாயிறு மற்ற வீட்டு முறை என்று வைத்துக்கொண்டால் சாப்பாடு ஆறாது.

கறி சாப்பிடாதவர்கள் குழம்புக்குப் பதில் முருங்கைக்காய் சாம்பார் வைக்கலாம். காய் பாதி வெந்த பிறகு புளித்தண்ணீர், உப்பு, ஒன்றரை டீஸ்பூன் சாம்பார்பொடி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியில்தான் பருப்பு. துவரம்பருப்பை இரண்டு மடங்காக வேகவைத்துக்கொள்ளுங்கள். புளி முதலிலேயே போனால் காய் வேகாது.

8. மாலை 4.30: கேசரி

ரவை அரை கப், நெய் 4 மேசைக்கரண்டி, முந்திரி 8, தண்ணீர் ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப். பாதி நெய்யில் முந்திரியை வறுத்தெடுத்து, அதிலேயே ரவையைச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் வறுங்கள். பக்கத்து பர்னரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒருவர் ஊற்ற, ஒருவர் கிளற, கட்டி தட்டாது. இரண்டு பேர் இருப்பதன் உண்மையான லாபம் இங்கேதான் தெரியும். ரவை முழுக்க வெந்த பிறகே சர்க்கரை. முன்னாலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ரவை நறநறவென்று நின்றுவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் வேகாது. சர்க்கரை போட்டதும் இளகுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்று நிமிடத்தில் சுருண்டு வரும்.

9. இரவு 8 மணி: தோசை

காலை மாவின் மிச்சத்தில் எட்டு, ஒன்பது தோசை வரும். அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் கப் தண்ணீர் கலந்து இளக்குங்கள். கல் காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, துடைத்து, தீயைக் குறைத்த பிறகு மாவை ஊற்றித் தேயுங்கள். மாவு கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளித்துக் குளிரவிடுங்கள். அடியில் ஒட்டினால் எண்ணெய்ப் பசை போதாது, வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். வெள்ளையாகவே நின்று சிவக்காவிட்டால் தீ போதவில்லை. மாவில் அரை டீஸ்பூன் சர்க்கரையோ இரண்டு டீஸ்பூன் ரவையோ கலந்தால் நிறமும் மொறுமொறுப்பும் வரும். முதல் தோசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தொட்டுக்கொள்ள மதியக் கோழிக் குழம்பு. சாப்பிட்டு முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போயிருந்தால்தான் இந்த ஏற்பாடு. மேடையிலேயே இரவு வரை இருந்தால் சென்னைச் சூட்டுக்குத் தாங்காது. எடுத்தபின் நடுவிலும் தளதளவென்று கொதிக்கச் சூடாக்குங்கள்.

10. மிச்சமும் செலவும்

2025 விலையில் அன்றைய மளிகை, கறி, காய், பால் எல்லாம் சேர்த்து இருவருக்கு நானூற்றைம்பதிலிருந்து ஐந்நூற்றைம்பது ரூபாய் ஆகும். இதில் பெரிய பங்கு கறியும் தேங்காயும். கேஸ் கால் கிலோவுக்குள் அடங்கும், ஏறக்குறைய 15 ரூபாய். தினமும் இந்த அளவு சமைத்தால் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு மாதம் ஓடும். சிலிண்டர் மாட்டிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து, ஐம்பதாவது நாளில் அடுத்ததைப் பதிவு செய்யுங்கள். டெலிவரியின்போது போனுக்கு வரும் குறியீட்டு எண்ணைக் கேட்பார்கள், ஆகவே பதிவு செய்த எண் பகலில் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

மிச்சச் சாதத்தில் உடனே தண்ணீர் ஊற்றினால் காலைக்குப் பழைய சோறு, இல்லையென்றால் மூடி ஃபிரிட்ஜில். ரசம் ஒரு நாள் தாங்கும், தேங்காய் சட்னி தாங்காது. தோசைக்கல்லை சோப்புப் போட்டுக் கழுவாமல் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். ஃபிரிட்ஜில் உள்ள இரண்டாம் பாத்திர மாவைத் திங்கள் மாலை 6 மணிக்கே வெளியே எடுங்கள், குளிர் விடவே இரண்டு மணி நேரம் ஆகும். செவ்வாய் காலை இட்லிக்கு அது சரியாக இருக்கும்.